வால்ட்டர் பிளம் விழும் விதம்

2 அக்டோபர் 1993, சனி
பாளையங்கோட்டை

காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் உதவியாள் பேச்சியம்மாள் வந்து என் மனைவி எமிலியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினாள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துத் திரும்பக் கிடத்தினாள். இடுப்பு எலும்பில் தகடு வைத்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். டிசம்பர் வரை இடது காலில் எடை விழக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

கட்டிலை முன்னறைக்கு மாற்றியதில் எனக்கு ஒரு சங்கடம். தொலைக்காட்சி முன்னறையில் இருக்கிறது. கேபிள் வந்ததிலிருந்து, ஒரு வருடமாக, சனிக்கிழமை ஆறரை மணிக்கு அமெரிக்க மல்யுத்தம் பார்க்கிறேன். அந்த நேரத்தில் எமிலி திருச்சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். பொய் சொன்னதில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இன்று ஆறு இருபத்தைந்துக்கு நான் செய்தித்தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தேன்.

"ஆறரை ஆகப் போகுதுல்லா. போடுங்க ஒங்க சண்டைய" என்றாள்.

"எந்தச் சண்டை?"

"கூட்டம் முடிஞ்சு வந்து டிவி மேல கை வச்சா தோச சுடலாம். அஞ்சு நிமிசம் நியூஸ் பாத்தா அப்படியா சுடும்?"

போட்டேன். காலணிப் பெட்டியையும் எடுத்துவர வேண்டியதாயிற்று. கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது, மிஞ்சிய பட்டியல் அட்டைகளில் ஒரு கட்டு முதல்வரின் அனுமதியோடு எடுத்துவந்தேன். வீரர் ஒருவருக்கு ஓர் அட்டை. பெயர், உயரம், எடை, உத்திகள், வெற்றி தோல்வி, என் கருத்து. இதுவரை நாற்பத்தொரு அட்டைகள்.

"கர்த்தாவே" என்றாள் எமிலி. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

நமக்கு வந்து சேரும் ஆட்டங்கள் ஒன்றரை, இரண்டு வருடம் பழையவை. இன்று காட்டியது 1991இல் நடந்தது. சாம்பியன் கோல்டன் ரெக்ஸுக்கு எதிராக டாக்டர் கிரிம். ரெக்ஸைப் பற்றி என் அட்டை சொல்வது: "மூன்று உத்திகள். முஷ்டியால் குத்துதல். கயிற்றில் மோதித் திரும்புபவரைக் கையால் மறித்து வீழ்த்துதல். மார்பில் தட்டிக்கொள்ளுதல். மூன்றாவதை உத்தியாகக் கொள்ளலாமா என்பதில் ஐயம் உண்டு." ஊரெல்லாம் அவரைக் கொண்டாடுகிறது. நான் மட்டும் மாறுபடுவதால் என் பார்வையில்தான் கோளாறோ என்னவோ.

எனக்குப் பிடித்தவர் வால்ட்டர் பிளம். கறுப்புக் கால்சட்டை, வழுக்கை தொடங்கிய தலை, வங்கி குமாஸ்தாவின் முகம். இருபத்துமூன்று ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். இருபத்துமூன்றிலும் தோற்றார்.

"தோக்கதுக்கா ஒருத்தன வச்சிருக்காங்க?" என்றாள் எமிலி.

அடுத்த முறை வரும்போது அவர் விழுவதைக் கவனிக்கச் சொன்னேன். முகவாய் மார்பை ஒட்டியிருக்கும். இரண்டு உள்ளங்கைகளும் ஒரே கணத்தில் தரையில் அறையும். சத்தம் பெரிது, அடி சிறிது. அவரோடு மோதும் எவரும் அன்றைக்குப் பலசாலியாகத் தெரிவார். ரெக்ஸின் மிகச் சிறந்த ஆட்டம் என்று அறிவிப்பாளர்கள் கூவியது பிளமுடன் நடந்த ஆட்டத்தைத்தான். அன்று உண்மையில் ஆடியவர் பிளம் என்பது என் கருத்து. தவறாகவும் இருக்கலாம்.

3 அக்டோபர், ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. மகள் ஹெப்சி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். வங்கியில் விடுப்புச் சொல்லிவிட்டாளாம். நவம்பர் பன்னிரண்டு வருகிறாள். பதினைந்தாம் தேதி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அம்மாவுக்கு.

"ஒங்களால முடியாதுப்பா. பேச்சியம்மா ஒருநா வரலன்னா என்ன செய்வீங்க? நான் அங்க வச்சுப் பாத்துக்கிடுதேன். வீட்ட ஒழுங்கு பண்ணிட்டு கிறிஸ்மஸ் கழிச்சு நீங்க வாங்க."

அவளுடைய வீட்டில் இரண்டே அறைகள். நான் "சரி" என்றேனா, "பார்ப்போம்" என்றேனா, நினைவில்லை. எமிலி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒரு முனையில் பேசுவதைக் கேட்டே மறுமுனையை அறிந்துவிடுவாள்.

9 அக்டோபர், சனி

பேச்சியம்மாளின் மகளுக்குப் பிரசவம். பதின்மூன்றாம் தேதி முதல் இரண்டு வாரம் சிவகாசியில் இருப்பாளாம். மாற்று ஆள் சொல்லிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"சாரு, நீங்களே தூக்கிருவீங்க. அம்மா பஞ்சுல்லா" என்றாள். எனக்கு முறையைக் காட்டிக்கொடுத்தாள். எதிரே நின்று, என் வலது காலை எமிலியின் கால்களுக்கு நடுவே ஊன்றி, இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, நாற்காலியில் இருத்துவது. குறித்துக்கொண்டேன். ஆறு படிகள்.

ஆட்டம்: பெண்டில்டன் சகோதரர்கள் இரட்டையர் போட்டியில் வென்றனர். மூத்தவரைவிட இளையவர் மேல். மூத்தவர் எதிராளியைப் பார்ப்பதில்லை, கேமராவைப் பார்க்கிறார்.

13 அக்டோபர், புதன்

காலையும் மாலையும் நானே மாற்றினேன். சரியாக நடந்தது.

14 அக்டோபர், வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை.

15 அக்டோபர், வெள்ளி

டாக்டர் வந்து பார்த்தார். ஆம்புலன்ஸில் போய் எக்ஸ்ரே எடுத்தோம். தகடு அசையவில்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

"நானேதான் டாக்டர், கண்ணாடிய எட்டி எடுக்கப் போனேன், வழுக்கிட்டேன்" என்றாள் எமிலி.

"இவ்வளவு அவசரம் எதுக்கும்மா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். நான் எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எமிலியின் கண்ணாடிக்குப் புதிய கால் போட்டு வாங்கிவந்தேன். ஹெப்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று எமிலி சொன்னாள். சொல்லவில்லை.

16 அக்டோபர், சனி

எமிலி நாற்காலிக்கு வர மறுக்கிறாள். "பேச்சி வரட்டும். அதுவரைக்கும் இப்படியே கெடக்கேன்." நான் பக்கத்தில் போனால் அவள் கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவள் அறியாமல் பிடிக்கிறாள் என்றே நினைக்கிறேன். படுக்கையிலேயே கஞ்சி கொடுத்தேன். முதுகுக்குப் பவுடர் போட்டேன். படுக்கைப் புண் வரக் கூடாது.

ஆட்டம் பார்த்தோம். மவுண்ட் கிராடாக் இருநூற்றுப் பத்துக் கிலோ என்று அறிவிக்கிறார்கள். இருபது கிலோ கூட்டிச் சொல்வதாக வைத்துக்கொண்டாலும் நூற்றுத் தொண்ணூறு. அவரை இளைய பெண்டில்டன் தோளுக்கு மேலே தூக்கினார். கூட்டம் எழுந்து நின்றது. எனக்கு நீண்ட நாளாக இதில் ஐயம். தொண்ணூறு கிலோ மனிதர் இவரை எப்படித் தூக்க முடியும்? இன்று மறுபடி மெதுவாகக் காட்டினார்கள். தூக்குவதற்கு முந்தைய கணத்தில் கிராடாக்கின் முழங்கால் மடங்குகிறது. அவரே எம்புகிறார். தூக்கப்படுபவர் பாதி வேலையைச் செய்கிறார்.

ஆங்கிலத் துறையில் இருந்த நண்பர் இதையெல்லாம் வெறும் நாடகம் என்பார். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் முடிவு தெரிந்த பிறகும் ஒருவர் மற்றவரின் கையில் தன் கழுத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது நாடகமா?

20 அக்டோபர், புதன்

படுக்கை விரிப்பு மாற்றினேன். ரசம். ஹெப்சி போன் செய்தாள். ஒயரை எட்டும்வரை இழுத்து, ரிசீவரைக் கட்டில் பக்கம் நீட்டிப் பிடித்தேன். "நல்லாருக்கேன்" என்று எமிலி சொன்னாள், எக்ஸ்சேஞ்சில் பேசும் அதே குரலில்.

23 அக்டோபர், சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரெக்ஸுக்கு எதிராக வால்ட்டர் பிளம். ரெக்ஸ் அவருடைய தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றார். இத்தகைய பிடிகளின்போது வாய் அசைவதை நான் பல அட்டைகளில் குறித்திருக்கிறேன். காரணம்: "வலியா? பிரார்த்தனையா? தெரியவில்லை." எமிலியிடம் காட்டினேன்.

அவள் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒன்பது நாளுக்குப் பின் சிரிக்கிறாள்.

"பிரார்த்தனையாம்! அவன் பேசுதான். பிளம்மு சொல்லுதான், இவன் கேக்கான். அடுத்து எந்தப் பக்கம், எப்பம்னு. பாருங்க, இப்பம் தூக்குவான் பாருங்க."

அடுத்த விநாடி ரெக்ஸ் தூக்கினார். பிளம் எம்பினார். உள்ளங்கைகள் தரையில் அறைந்தன. அழகான விழுகை. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

ஒரு வருடம் நாற்பத்தொரு அட்டைகள் எழுதிய நான் காணாததை அவள் நான்கு சனிக்கிழமைகளில் கண்டுவிட்டாள். அதைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே" என்றாள்.

"என்றைக்கு?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

"பூன மாதிரி வந்தீங்க. பொசுக்குன்னு கைய வச்சீங்க. நான் கண்ணாடிய எடுக்கக் கைய நீட்டிருக்கேன், என் பாரம் பூரா அந்தப் பக்கம் கெடக்கு. ஒரு சத்தம் குடுத்திருந்தா நல்ல கால ஊனி எந்திரிச்சிருப்பேன்லா? இது என்ன லைப்ரரியா, வாயப் பொத்திக்கிட்டு நடக்கதுக்கு?"

பதினான்காம் தேதி நடந்தது இதுதான். மழை பெய்ததும் உண்மை. மாலை ஐந்தேகாலுக்கு நான் எமிலியைக் கீழே போட்டுவிட்டேன். அவள் வழுக்கி விழவில்லை. என் கையிலிருந்து விழுந்தாள். பேச்சியம்மாள் சொன்ன ஆறு படிகளையும் பிழையின்றிச் செய்தேன். ஏழாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவில்லை. தூக்கப்படுபவளிடம் சொல்ல வேண்டும் என்பது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் சத்தம் போடாமல் நடப்பதும், நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பதும், கையசைவில் பேசுவதும் என் வேலையாக இருந்தன. அது மரியாதை என்று நினைத்திருந்தேன். வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். விழுந்த பிறகு தரையில் கிடந்தபடி எமிலி முதலில் கேட்டது, "ஒங்களுக்கு அடி பட்டுச்சா?" என்பது. அதற்கும் நான் தலையைத்தான் அசைத்தேன். அவளுடைய கண்ணாடி கால் ஒடிந்து கிடந்தது. நான் தலையசைத்தது அவளுக்குத் தெரிந்திருக்காது.

24 அக்டோபர், ஞாயிறு

காலை. "எமிலி, தூக்கப் போகிறேன்" என்றேன்.

"கேக்கல."

"தூக்கப் போகிறேன்."

"லைன் சரியில்ல. சத்தமாப் பேசுங்க."

மூன்றாம் முறை சொன்னபோது தெருவில் போன பால்காரர் திரும்பிப் பார்த்தார். எமிலி சட்டத்திலிருந்து கையை எடுத்து என் தோளில் வைத்தாள். "வலது கால் ஊனியாச்சு. மூணு எண்ணுங்க." எண்ணினேன். மூன்றில் அவள் எம்பினாள். எடையே இல்லை. அல்லது பாதிதான் இருந்தது.

நாற்காலியில் இருத்தினேன். பத்து நாளுக்குப் பின் அவள் சன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். "எதுத்த வீட்டுக்காரன் கேட்டுக்குப் பச்ச அடிச்சிருக்கான். கண்றாவி" என்றாள்.

26 அக்டோபர், செவ்வாய்

பேச்சியம்மாள் திரும்பிவிட்டாள். பேரன். நான் உரக்க எண்ணுவதை வாசலிலிருந்தே கேட்டுவிட்டு, "என்ன சாரு, பள்ளிக்கூடமா நடத்துதீங்க?" என்றாள். காலையில் அவளும் மாலையில் நானுமாகப் பங்கிட்டுக்கொண்டோம்.

6 நவம்பர், சனி

டாக்டர் கிரிம் பற்றிய என் அட்டையைத் திருத்தினேன். முரடர் என்று எழுதியிருந்தேன். எமிலி வேறு சொல்கிறாள்: "அவன் முகம்தான் அப்படி. கீழ போடுத நேரம் பாருங்க, பிடரில கை குடுத்துத்தான் போடுதான்." உண்மை. ரெக்ஸ் அப்படிக் கை கொடுப்பதில்லை. இனி கிரிம் என் பட்டியலில் இரண்டாம் இடம்.

பிளமின் அட்டையில் ஒரு வரி சேர்த்தேன். "தோற்றதாக ஒப்புக்கொண்டு மற்றவரை நிமிர்த்துகிறார்." எழுதிவிட்டு, எக்ஸ்ரே எடுத்த அன்று எமிலி டாக்டரிடம் சொன்னதை நினைத்தேன்.

12 நவம்பர், வெள்ளி

ஹெப்சி வந்துவிட்டாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அம்மாவின் சேலைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். எட்டு வரை எண்ணினேன். பிறகு சமையலறைக்குப் போய்விட்டேன்.

13 நவம்பர், சனி

தீபாவளி. பேச்சியம்மாளுக்கு இன்று விடுமுறை. காலை ஏழு மணிக்குத் தெரு முழுக்க வெடி.

"நாம ரெண்டு பேருமாத் தூக்குவோம்ப்பா. நீங்க கால மட்டும் பிடிச்சுக்கிடுங்க" என்றாள் ஹெப்சி.

"அவரே தூக்குவாரு. நீ அங்கன தள்ளி நில்லு" என்றாள் எமிலி.

ஹெப்சி கதவருகே நின்றாள். நான் காலை ஊன்றினேன். எதிர்வீட்டில் சரவெடியைக் கொளுத்தினார்கள். அது தீரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தேன். தீரவில்லை. எமிலியின் கண்ணாடி மூக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு, வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை.

"எமிலி! தூக்கப் போறேன்! இடப்பக்கம் திரும்புறோம்!"

"ஊனியாச்சு!"

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

அவள் எம்பினாள். நாற்காலியில் இருத்தினேன். ஹெப்சி வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு இவ்வளவு தெம்பா?"

"அவருக்கென்ன, மலையத் தூக்குவாரு" என்றாள் எமிலி. அவள் நெற்றி வியர்த்திருந்தது. முந்தானையால் துடைத்ததை ஹெப்சி கவனிக்கவில்லை.

பகலில் ஹெப்சி பெட்டியிலிருந்து நான்கு சேலைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். மாலையில் மூவரும் மல்யுத்தம் பார்த்தோம். கோல்டன் ரெக்ஸ்தான் நன்றாக ஆடுகிறார் என்கிறாள் ஹெப்சி. நான் மறுக்கவில்லை.

14 நவம்பர், ஞாயிறு

காலைச் சாப்பாட்டின்போது ஹெப்சி, "அம்மா டிக்கெட்ட கேன்சல் பண்ணிரவாப்பா?" என்றாள்.

எமிலி இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். சும்மா இருங்கள் என்ற பார்வை. சும்மா இருப்பது எனக்கு வராத காரியமல்ல. தலையை அசைத்தால் போதும்.

"போன மாதம் பதினான்காம் தேதி உன் அம்மாவைக் கீழே போட்டுவிட்டேன்" என்றேன். "அவள் டாக்டரிடம் தானே விழுந்ததாகச் சொன்னாள். உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டும் தவறு. அவற்றுக்கும் முந்தைய தவறு என்னுடையது."

"ஒங்கள யாரு இப்பம் கேட்டா?" என்றாள் எமிலி.

ஹெப்சி இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஒரு மாசமா ரெண்டு பேரும் போன்ல நல்லாருக்கோம் நல்லாருக்கோம்னு... தகடு விலகியிருந்தா? இத நேத்து சொல்லியிருக்கலாம்லாப்பா? நான் மனச மாத்துனதுக்கு அப்புறமா சொல்லுதீங்க?"

"அதனால்தான் சொன்னேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். கோயிலுக்குப் போனாள். மதியம் தனியாகச் சாப்பிட்டாள். சேலைகள் மேசைமேலேயே இருந்தன. பெட்டிக்குள்ளும் போகவில்லை, அலமாரிக்கும் போகவில்லை.

நான்கு மணிக்கு வந்து, "அம்மாவ நாற்காலிக்கு மாத்துங்க" என்றாள். சொல்லி, எண்ணி, மாற்றினேன். காலியான கட்டிலில் அவள் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னயத் தூக்குங்க. அன்னைக்குத் தூக்குனது மாதிரி. ஒண்ணும் சொல்லக் கூடாது."

அவளுக்கு முப்பத்துமூன்று வயது. வங்கியில் அதிகாரி. கண்ணாடியை எடுப்பவள்போல ஒரு பக்கம் கையை நீட்டிக்கொண்டாள். நான் சத்தமில்லாமல் போய் அக்குளில் கைகொடுத்தேன். அவள் வீறிட்டு என் சட்டையைப் பற்றினாள். இரண்டு அங்குலம்கூட எழும்பவில்லை.

"யம்மா" என்றாள் மூச்சு வாங்கி. "இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்" என்றாள் எமிலி நாற்காலியிலிருந்து.

"இப்ப சொல்லித் தூக்குங்க."

சொன்னேன். எண்ணினேன். அவள் வலது காலை மட்டும் ஊன்றி எழுந்துவந்தாள். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. அவள் கடைசியாக என் தோளைப் பிடித்தது ஆறேழு வயதில் இருக்கும். எழுந்து நின்ற பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

"யாரு சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு?"

நான் எமிலியைப் பார்த்தேன். எமிலி தொலைக்காட்சியைக் காட்டினாள்.

"இனிமே வெரல்ல ஒரு முள்ளு குத்துனாலும் எனக்குப் போன் வரணும்" என்றாள் ஹெப்சி. "ரெண்டு பேரும் சொல்லணும். தனித்தனியா. ஞாயித்துக்கிழம தோறும் பேச்சியம்மாட்டயும் கேப்பேன்."

"அப்ப டிக்கெட்டு?" என்றாள் எமிலி.

ஹெப்சி எல்லாச் சேலைகளையும் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

15 நவம்பர், திங்கள்

ஹெப்சியை ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஒரு டிக்கெட் திருப்பிக் கொடுத்தாயிற்று. வரும் வழியில் தொலைபேசிக்கு நீளமான ஒயர் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், கட்டில்வரை எட்ட வேண்டும்.

எமிலி இரண்டு முறை கேட்டாள், ஏன் சொன்னீர்கள் என்று. அவள் தன்னால் விழுந்ததாக அட்டையில் பதிந்திருப்பது எனக்கு உறுத்தியது என்றேன். "அட்டையா? எந்த அட்ட?" என்றாள்.

20 நவம்பர், சனி

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். பேச்சியம்மாளின் பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். மாலை ஐந்து மணிக்கு எமிலியை நாற்காலிக்கு மாற்றினேன். ஆறரை ஆட்டத்தை உட்கார்ந்தே பார்ப்பேன் என்று அடம்பிடித்ததால் இன்று கூடுதலாக ஒன்றரை மணி நேரம்.

மவுண்ட் கிராடாக்குக்கு எதிராக வால்ட்டர் பிளம். இந்த முறையாவது அவர் வென்றுவிடுவாரோ என்று எமிலி கேட்டாள். வாய்ப்பில்லை என்றேன். பிடியில் இருந்தபோது பிளமின் வாய் அசைந்தது. கிராடாக் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். பிறகு தூக்கினார். பிளம் எம்பினார், முகவாயை மார்பில் ஒட்டினார், இரண்டு உள்ளங்கைகளாலும் தரையை அறைந்து விழுந்தார்.

மூன்று நிமிடம் பத்து விநாடி. இருபத்தைந்தாவது தோல்வி. நானும் எமிலியும் கைதட்டினோம். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.